மூக்கில்லாத காரும் முன் சீட்டும்

1

பால்டிமோரில் என் வீட்டுக் குசினி ஜன்னலைத் திறந்தால் ஒரு கார் தெரியும். அமெரிக்காவிலேயே பிறந்த பழைய கார். நாலு சக்கரம் உண்டு, எஞ்சின் உண்டு, வாங்கும்போது பின் சீட்டில் இரண்டு கோழிகளும் இருந்தன. மூக்கு மட்டும் கிடையாது. அதன் மூக்கு தூத்துக்குடிக்குப் போய்விட்டது.

நம் ஊர்ப் பத்திரிகையின் ஆசிரியர் மூன்று வருடமாக என்னிடம் கட்டுரை கேட்கிறார். அமெரிக்கா என்றால் பனி, அறுபது மாடிக் கட்டடம், தானாகத் திறக்கும் கதவு என்று நான் எழுதுவேன் என எதிர்பார்க்கிறார். பனி குளிரும், அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் போன வாரம் ஊரிலிருந்து ஒரு போட்டோ வந்தது. வந்ததிலிருந்து அதையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆகையால் ஆசிரியர் கேட்ட கட்டுரையை இப்போது எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவில் பிறந்தவன். இங்கே கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வெல்டர். ஊரில் என்னை எஞ்சினியர் என்று சொல்வதாகக் கேள்வி, நானும் இதுவரை மறுத்ததில்லை. என் மனைவி ஞானம் நாசரேத்துக்காரி, நர்ஸ். அமெரிக்கா ஆசைப்பட்டுக் கூப்பிட்டது அவளைத்தான். டிரங்குப் பெட்டி, ஊறுகாய் ஜாடி, ஆறு வயது மகள் ஜசிந்தா ஆகியவற்றோடு நானும் கூட வந்தேன். ஒன்பது வருடமாகிறது. ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை.

2

மூக்கைக் கேட்டது என் அக்கா ரோசம்மா, மூத்த மகளின் கல்யாணத்துக்காக. அவள் பேசுவது போலவே எழுதுவாள்.

"ஏலே தம்பி, நம்ம பிலோமிக்கு வைகாசில கல்யாணம் வச்சிருக்கு. ஒங்க அத்தான் காரு மூக்குல நின்ன கப்பல எவனோ களவாண்டுட்டான். அதில்லாம காரு மொட்டையா நிக்கி, பாக்கச் சகிக்கல. நீ அந்தக் காரு செஞ்ச தேசத்துலதான இருக்க, ஒரு கப்பல் பாத்து வாங்கு. தபால்ல அனுப்பாத, கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிடும். நீயே கையில கொண்டா. முன் சீட்டு ஒனக்குத்தான்."

அத்தானின் காரைத் தெரியாதவர் எங்கள் பக்கத்தில் இல்லை. பானெட்டின் நுனியில், ஒரு சாண் நீளத்தில், பாய் விரித்த வெள்ளிக் கப்பல் ஒன்று நிற்கும். கம்பெனிக்காரர்கள் காருக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் எங்கள் தெருவுக்கு அது கப்பல் கார். சலாபம் என்கிற முத்துக்குளிப்பு கடைசியாக நடந்த வருடங்களில் ஒரு முத்து வியாபாரி அதைக் கொழும்பிலிருந்து தோணியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, கரையில் இறக்கினார்கள். மாதாவே கரையேறியதுபோல ஜனம் கூடியது. பிறகு முத்து நின்றுபோனது, வியாபாரியின் பவிசும் நின்றுபோனது, கார் அத்தானின் கைக்கு வந்தது.

அன்று முதல் தெருவில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போவாள். பின் சீட்டில் பெண்ணும் தோழியும். முன் சீட்டில், ஓட்டுகிற அத்தானுக்குப் பக்கத்தில், பெண்ணின் தாய்மாமன். கோயில் வாசலில் அவர்தான் முதலில் இறங்கி, கதவைத் திறந்து, பெண்ணின் கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டும். இது திருச்சபையின் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் பங்குச் சாமியாரே மாமன் இறங்கிவிட்டாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பூசைக்கு உடுப்பு மாட்டுவார்.

மாமன் இல்லாத பெண்ணுக்கும் அந்த இடத்தைச் சும்மா விடமாட்டார்கள். செபமாலை என்ற பெண்ணின் மாமன் கொழும்புத் தோணியில் போனவர், தோணியோடு போய்விட்டார். அவள் கல்யாணத்தன்று முன் சீட்டில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் அவர் விட்டுப்போன மூக்குப்பொடி டப்பியை வைத்தார்கள். டப்பி உருண்டுவிடக் கூடாதே என்று அத்தான் வளைவுகளில் மாட்டுவண்டி வேகத்தில் திரும்பினார். கல்யாணமாகியும் எனக்கு அப்போது விவரம் போதாது. சிரித்துவிட்டேன். ரோசம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் சிவந்திருந்தது.

3

கடிதத்தைப் படித்ததும் எனக்குள் இருந்த எஞ்சினியர் விழித்துக்கொண்டார். அக்கா எழுதியதில் இரண்டு சங்கதிகள் இருந்தன. ஒன்று, கப்பல் வேண்டும். இரண்டு, நீ வா. முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டேன். அது சுலபமாகத் தெரிந்தது.

பழைய கார் தேடிப் போனால்தான் அமெரிக்கர்களின் உண்மையான பக்தி தெரியும். இதில் இரண்டு சபைகள் உண்டு. முதல் சபையார் பழைய காரைத் தொழிற்சாலையிலிருந்து இறங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஆக்குகிறவர்கள். ஒரு ஆணி மாறினாலும் பாவம். இரண்டாம் சபையார் அதே காரின் கூரையை அறுத்து, வயிறு தரையில் உரசும் அளவுக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் தீ எரிவதுபோல வர்ணம் பூசுகிறவர்கள். கார் தீப்பிடித்தால் நாம் அணைப்போம், இவர்கள் ஆள் வைத்து வரைகிறார்கள். இரண்டு சபையாரும் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். எங்கள் கல்யாணப் பேச்சின்போது கத்தோலிக்கரான என் வீட்டாரும் நாசரேத்து புராட்டஸ்டண்ட் வேதக்காரரான ஞானம் வீட்டாரும்கூட இதைவிடச் சுமுகமாக இருந்தார்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு பழைய கார்ச் சந்தைக்குப் போனேன். முதல் சபையைச் சேர்ந்த ஒரு பெரியவர், கையில் வெள்ளை உறை மாட்டிக்கொண்டு தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதே கப்பல் கார். மூக்கில் கப்பல் பளபளவென்று நின்றது. எங்கள் குடும்பத்திலும் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்தியாவிலா! எல்லாம் அசல்தானே?" என்றார்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. ரேடியேட்டர் லாரியுடையது என்றேன். கியர் பெட்டி ஜீப்புடையது. எஞ்சின் இரண்டு தடவை மாறிவிட்டது, இப்போது இருப்பது டீசல். தரை துருப்பிடித்து ஒருநாள் மணப்பெண்ணின் சப்பாத்து ரோட்டில் விழுந்ததால், தோணி செய்கிற ஆசாரியை வைத்துத் தேக்குப் பலகை அடித்து, இடுக்கில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்திருக்கிறது, தண்ணீர் ஒழுகாது. ஹாரன் ஒரு விசைப்படகிலிருந்து எடுத்தது. சீட்டுக்குள் தேங்காய் நார்.

"அப்படியானால் அசல் என்று என்னதான் மிச்சம்?"

"கதவு நாலும் அசல். அதில் ஒன்று திறக்காது."

அவர் உறையைக் கழற்றி, நெஞ்சில் கைவைத்துக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கப்பலை விற்பீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டாம் சபை இளைஞன் ஒருவன் ஓடிவந்து என் கையைக் குலுக்கி, உங்கள் அத்தானை நான் சந்திக்க வேண்டும் என்றான். இரண்டு சபையிலும் பெயர் எழுதாமலே அத்தான் மகானாகிவிட்டார்.

அடுத்த இரண்டு வாரம் பழைய இரும்புக் கிடங்குகளில் அலைந்தேன். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, இங்கே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு, பெரிய கார்களை ஜனங்கள் நாய்க்குட்டியைக் கொண்டுவிடுவதுபோல அங்கே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான் தேடிய காரும் பத்துப் பதினைந்து கிடந்தன. ஒன்றுக்கும் மூக்கு இல்லை. எனக்கு முன்னால் வந்த பக்தர்கள் பிடுங்கிப் போய்விட்டார்கள். தூத்துக்குடியில்தான் களவு போகும் என்று ரோசம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

4

கடைசியில் பேப்பரில் விளம்பரம் பார்த்து ஒரு பண்ணைக்குப் போனேன். வைக்கோல் கொட்டகைக்குள், மூக்கும் முழியுமாகக் கார் நின்றது. உள்ளே கோழிகள். பண்ணைக்காரர் நல்ல மனிதர், அதிகம் பேசாதவர்.

நான் எங்கள் கரையில் தோணி வாங்குகிற முறைப்படி பார்த்தேன். எனக்குத் தெரிந்த முறை அதுதான். மூன்று தடவை சுற்றி வந்தேன். விரல் முட்டியால் அங்கங்கே தட்டி, காதை வைத்துக் கேட்டேன். கீழே படுத்து மோந்து பார்த்தேன். எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"இதில் யாராவது செத்திருக்கிறார்களா?"

பண்ணைக்காரர் ஒரு அடி பின்னால் போனார். அவர் மனைவி வீட்டுக்குள் போய்த் தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இதுவரை பெரிய நஷ்டமில்லை. அடுத்துச் செய்ததுதான் தப்பு. கப்பல் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று பார்க்க, பானெட்டின் நுனியில் உள்ளங்கையை வைத்தபடியே விலை கேட்டுவிட்டேன். நம் கரைக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தோணியின் முன்நுனியை அணியம் என்போம். அணியத்தில் கைவைத்து விலை கேட்டவன் வாங்கித்தான் ஆக வேண்டும். பின்வாங்கினால் அந்தத் தோணிக்கு ராசி கெட்டுவிடும், அவன் முகத்தில் கரையில் யாரும் விழிக்கமாட்டார்கள்.

"கப்பலை மட்டும் கொடுத்தால் மூக்கில்லாத காரை நான் யார் தலையில் கட்டுவது? எடுத்தால் முழுசாக எடுங்கள்" என்றார் பண்ணைக்காரர்.

என் கை இன்னும் பானெட்டில் இருந்தது. அணியத்து வழக்கம் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. ஒரு சாண் கப்பலுக்காக ஒன்றரை டன் காரை வாங்கி, இழுவை லாரியில் ஏற்றி வீடு வந்து சேர்ந்தேன்.

ஞானம் வாசலில் வந்து பார்த்தாள். கோழிகள் இறங்கின.

"கப்பல் கேட்டா காரோட வாரீங்க. இந்தக் காசுக்கு நாம மூணு பேரும் ஊருக்கே போய்ட்டு வந்திருக்கலாம்லா?"

"லீவு கிடைக்காது" என்றேன்.

"கேட்டீங்களா?"

கேட்கவில்லை. இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வருடம் கையில் காசில்லை. அதற்கடுத்து ஜசிந்தாவின் படிப்பு. அதற்கடுத்து வீடு. மூன்று வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது தந்தி வந்தது. அடக்கத்துக்குள் போய்ச்சேர முடியாது என்று நானே முடிவுசெய்து, போகாமல் இருந்துவிட்டேன். ரோசம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் எனக்குப் பயம். லீவு ஒரு சாக்கு.

காரைச் சும்மா நிறுத்தினால் துரு தின்றுவிடும். தோணிக்கு வருடா வருடம் மீனெண்ணெய் பூசுவோம், மரத்தையும் இரும்பையும் அது காக்கும். இந்த ஊர் வளைகுடாவிலும் மீனெண்ணெய் ஆலை இருக்கிறது. ஒரு டிரம் வாங்கி வந்து, காரின் அடிவயிறு முழுக்கத் தாராளமாகப் பூசினேன். சாயங்காலத்துக்குள் பேட்டையின் பூனைகள் அத்தனையும் எங்கள் வீட்டுப் பின்புறம் கூடிவிட்டன. மறுநாள் வெயில் ஏறியதும் மனிதர்கள் கூடினார்கள். எனக்கு மட்டும் அந்த வாசனையில் காலைநேரக் கடற்கரை தெரிந்தது. அதைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் நகராட்சிக்கு எழுதிவிட்டார்.

கையில் பலகையும் படிவமுமாக ஓர் அதிகாரி வந்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"இது ஓடுமா?"

"ஓடாது."

"ஓடாவிட்டால் இது வாகனம் இல்லை. குப்பை. வீட்டில் குப்பை வைத்திருக்கக் கூடாது."

"அப்படியானால் குப்பை வண்டியில் எடுத்துப் போங்கள்."

"குப்பை வண்டியில் வாகனத்தை ஏற்ற முடியாது."

கடைசியில் காரை 'தோட்ட அலங்காரம்' என்று பதிவுசெய்யலாம், ஆனால் அலங்காரம் நாறக்கூடாது என்று ஒப்பந்தமானது. மூன்று நாள் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஊர் கஸ்டம்ஸ் ஆபீசில் வரிசையில் நின்று வளர்ந்தவன் என்பதால் எனக்கு இது அந்நியமாகவே தோன்றவில்லை.

5

கப்பலைக் கழற்றுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அடியில் இரண்டே இரண்டு ஸ்குரூ. அவற்றை ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தேன்.

எங்கள் தளத்துக்கு ஒரு கோதுமைக் கப்பல் பழுதுபார்க்க வந்திருந்தது. அடுத்த பயணம் தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்துக்கு. அதில் சமையல்காரர் எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தருவைகுளத்துக் குருசு. நான் விஷயத்தைச் சொன்னதும் வெள்ளிக் கப்பலை வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"அரிசி டின்னுக்குள்ள கெடக்கட்டும் அண்ணாச்சி. மனுசன் திங்கிற அரிசிய கஸ்டம்ஸ்காரரு கிண்டமாட்டாரு. அது சரி, நீங்க போவலியா? மாமன் சீட்டுல யாரு உக்காருவா?"

"லீவு இல்லப்பா."

குருசு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அரிசிக்குள் கையை விட்டுக் கப்பலைப் புதைத்தார்.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. இந்திய அரசாங்கத்தின் இறக்குமதிச் சட்டத்தையும் அமெரிக்க நகராட்சியையும் ஒரே அடியில் வென்றவன் அல்லவா. கல்யாணத்தன்று, ஊரில் காலைப் பூசை நேரம் எங்களுக்கு முந்தின நாள் சாயங்காலம். ஞானம் பிரியாணி வைத்தாள். இந்நேரம் கப்பல் முன்னால் போக, கார் கோயிலுக்குத் திரும்பும் என்று மேசையில் கைவிரலால் வழி போட்டுக் காட்டினேன். ஞானம் எனக்குப் பரிமாறிவிட்டு, தான் சாப்பிடாமல் எழுந்துபோய்விட்டாள்.

6

போன வாரம் போட்டோ வந்தது.

கோயில் வாசலில் கப்பல் கார். பின் ஜன்னலில் பிலோமி, முக்காட்டுக்குள் அழகாக இருக்கிறாள். ஒரு காலத்தில் என் தோளில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பிள்ளை. பானெட்டைப் பார்த்தேன். மொட்டையாகவே இருந்தது. கப்பல் போய்ச் சேரவில்லை போல என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகுதான் முன் சீட்டைப் பார்த்தேன். அத்தானுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டு மடித்துப் போட்டிருந்தது. அதன்மேல் கப்பல் நின்றது. பாய்மரத்தில் ஒரு சுற்று மல்லிகைப் பூ.

கூடவே ரோசம்மாவின் கடிதம்.

"கப்பல் வந்துச்சிலே. ஸ்குரூ வரல. பட்டறைக்காரன் அதே மாதிரி செஞ்சி தாரம்னு சொன்னான். நான்தான் வேண்டாம்னுட்டேன். மாமன் சீட்டச் சும்மா விடக்கூடாதுலா, அதான் அங்கன வச்சேன். உருண்டுறக் கூடாதுன்னு ஒங்க அத்தான் மெதுவாத்தான் ஓட்டுனாவ. சின்னவ ரீத்தாவுக்கும் மாப்பிள பாத்துக்கிட்டு இருக்கோம். ஸ்குரூ ஒங்கிட்டதான கெடக்கு?"

ஜசிந்தா என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். பதினைந்து வயது. அவளுக்கு மிஞ்சியிருக்கும் தமிழ் ஒரு கைப்பிடி. என்னிடம் கொஞ்ச வேண்டும் என்றால் மட்டும் அதை எடுப்பாள். பின்புறத்துக் காரைத் தனக்குக் கொடுத்தால் அதில் தீ வரைந்துகொள்வதாகச் சொல்லி இரண்டு மாதமாகக் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அப்பா ஷிப்பை சீட்ல வச்சிருக்காங்க?"

சொன்னேன். மாமன், முன் சீட்டு, கதவைத் திறப்பது, செபமாலையின் மாமன், மூக்குப்பொடி டப்பி, எல்லாவற்றையும் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னேன். அவள் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ நீங்க செத்துட்டீங்களா அப்பா?"

அவள் கேலி செய்யவில்லை. புரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அறுபது மாடி, பனி, தானாகத் திறக்கும் கதவு எல்லாம் இருக்கிற இந்தத் தேசத்தில் எனக்கு அழுகை வந்தது. மகளுக்கு முன்னால் அழுதேன்.

அழுது முடித்ததும் எனக்குள் இருந்த எஞ்சினியர் மறுபடியும் விழித்துக்கொண்டார். அலமாரியிலிருந்து மிட்டாய் டப்பாவை எடுத்தேன். ஸ்குரூ இரண்டும் பத்திரமாக இருந்தன. சின்ன சாமான்தானே, இதை யார் பிடிக்கப்போகிறார்கள் என்று ஒரு தபால் உறையை எடுத்து, இரண்டையும் உள்ளே போட்டு, நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டவும் ஒட்டிவிட்டேன். நிமிர்ந்தால் ஞானம் நிற்கிறாள். ஒன்பது வருடமாக நான் சொன்ன சாக்குகளையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அதே முகம். 

உறையைக் கிழித்தேன். ஸ்குரூ இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டேன்.

"அது தேதி முடிஞ்சி நாலு வருசம் ஆச்சு" என்றாள் ஞானம். உள்ளே போய், பீரோவிலிருந்து புதுப்பிக்கிற படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். எப்போது வாங்கி வைத்தாளோ, ஓரமெல்லாம் பழுத்திருந்தது.

நான்கு பக்கம். பெயர், பிறந்த ஊர், தொழில். தொழில் என்ற இடத்தில் முதல்முறையாக வெல்டர் என்று எழுதினேன். கடைசிப் பக்கத்தில், பயணத்தின் நோக்கம் என்று ஒரு கட்டம்.  அதில் கார் ரிப்பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.